ராயல் ஜெல்லி, மகரந்தம், பிசின், மெழுகு: எதை வாங்கலாம், எவ்வளவு சாப்பிடலாம், எங்கே தவறும்

ராணித் தேனீயின் உணவான ராயல் ஜெல்லி என்ற கூழை விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சில்தான் தொடங்குவார்கள். பணித் தேனீ தேன் பருவத்தில் ஆறு வாரம்தான் வாழ்கிறது. அதே மாதிரி முட்டையிலிருந்து வந்த ராணி இரண்டு மூன்று ஆண்டு வாழ்கிறது, இத்தாலிய இனத்தில் நாளுக்கு 1,500 முட்டை வரை இடுகிறது. வித்தியாசம் சாப்பாட்டில்தான் இருக்கிறது, ஆகவே நீங்களும் அதைச் சாப்பிடுங்கள் என்பார்கள். இதில் 'ஆகவே' வரைக்கும் சரி. பணித் தேனீயாகப் போகும் புழுவுக்கும் முதல் மூன்று நாள் இதே மாதிரிக் கூழ்தான் ஊட்டப்படுகிறது. அதன்பின் அதற்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு, ராணிக்கு மட்டும் கடைசி வரை கூழ். புழு வளரும் அந்த ஐந்தாறு நாளில் நடக்கும் மாற்றம் அது. வளர்ந்து முடிந்த மனித உடம்பில் அந்தப் புரதம் வயிற்றில் செரித்து, பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் போலவே உடைந்துவிடும்.

அதற்காக எல்லாம் ஏமாற்று என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் தேனீப் பெட்டியிலிருந்து வரும் பொருள்களை விலை வரிசையில் அடுக்கினால், ஆதாரத்தின் வரிசை கிட்டத்தட்ட தலைகீழாக நிற்கும். மலிவான தேனுக்கும் மெழுகுக்கும் உறுதியான பயன் உண்டு. விலை ஏற ஏற 'இருக்கலாம்', 'சிறிய ஆய்வில் தெரிந்தது' என்று பேச்சு இழுக்கும். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதை இதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

யார் தொடவே கூடாது

ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமை, தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடிக்கும் வழக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ராயல் ஜெல்லி, மகரந்தம், புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின் மூன்றையும் விட்டுவிடுங்கள். 'கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்பதும் இவர்களுக்குப் பொருந்தாது. ராயல் ஜெல்லியால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு அடைத்து உயிரே போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா, ஒவ்வாமை எச்சரிக்கையை டப்பாவில் அச்சிடாமல் இதை விற்க முடியாது.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ராயல் ஜெல்லி எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து இரத்தக் கசிவு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கும் வேண்டாம்.

இந்தப் பட்டியலில் வராத பெரியவர்கள் முதல் நாளே ஒரு ஸ்பூன் விழுங்காமல் படிப்படியாகப் போக வேண்டும். முதலில் முன்கையின் உட்புறத்தில் மிளகளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மறுநாள் ஓர் அரிசியளவு நாக்கில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வீட்டில் வேறு யாராவது உடனிருக்க வேண்டும். உதடு, நாக்கு வீக்கம், தொண்டை அடைப்பு, இளைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றோடு முடிந்தது. தோலில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக உள்ளே போனாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. அதனால்தான் இரண்டாம் படி.

ராயல் ஜெல்லி

ஐந்து முதல் பதினைந்து நாள் வயதுள்ள இளம் பணித் தேனீக்களின் தலைச் சுரப்பிகளிலிருந்து வரும் கூழ் இது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் புரதம், சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. இதற்கே உரிய சரக்கு 10-எச்.டி.ஏ. என்ற கொழுப்பு அமிலம். வேறு எந்த உணவிலும் இது கிடைக்காததால் தரத்தை இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். சர்வதேசத் தர அமைப்பின் 2016 அளவுகோல்படி புதிய கூழில் குறைந்தது 1.4 சதவீதம் இருக்க வேண்டும். பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். இந்த எண்ணைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

நல்ல கூழ் வெண்ணெயும் தயிரும் கலந்த மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும். நாக்கில் வைத்தால் புளித்து, தொண்டையில் லேசாகக் காறும். இனித்தால் தேன் கலந்திருக்கிறது. பழுப்பேறி, பிசுபிசுத்து, கெட்ட கொழுப்பு வாடை வந்தால் பழையது. கண்ணுக்குத் தெரியும் சிறு குருணைகள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் அப்படிப் படிகமாகும்.

உலகச் சந்தையில் விற்பதில் பெரும்பகுதி சீனாவில் எடுக்கப்படுவது. ஏன் இவ்வளவு விலை என்பது எடுக்கும் முறையைப் பார்த்தால் புரியும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத புழுக்களை ஒவ்வொன்றாக ஊசி போன்ற கருவியால் எடுத்து ராணிக் கிண்ணங்களில் வைத்து, ராணி இல்லாத வலுவான பெட்டிக்குள் இறக்குவார்கள். தேனீக்கள் 'ராணி வளர்க்க வேண்டும்' என்று கிண்ணம் நிறையக் கூழ் ஊற்றும். சரியாக 72 மணி நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். முந்தினால் கூழ் குறைவு. பிந்தினால் புழு பெருத்துக் கூழைத் தின்று தீர்த்துவிடும். புழுவை அகற்றி, சிறு கரண்டியால் வழித்து, நைலான் வலையில் வடித்து உடனே குளிரூட்ட வேண்டும். ஒரு கிண்ணத்தில் கிடைப்பது 200 முதல் 300 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமுக்கு நான்கைந்து கிண்ணம். நம் ஊர் அடுக்குத் தேனீயின் ராணிக் கிண்ணம் இன்னும் சிறியது. மார்த்தாண்டம் பக்கம் தேனுக்காகப் பெட்டி வைப்பவர்கள் இந்த வேலையில் இறங்காததற்கு இதுவே போதுமான காரணம்.

*பயன் என்ன?* ஜப்பானில் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 61 ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் தினம் 3 கிராம் சாப்பிட்டார்கள். சிவப்பணு எண்ணிக்கையிலும் சர்க்கரைத் தாங்குதிறனிலும் மனநிலையிலும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. மாதவிடாய் முன்கோளாறு, மாதவிடாய் நின்றபின் வரும் தொந்தரவுகள், கொழுப்பு அளவு ஆகியவற்றிலும் இதுபோலச் சிறிய ஆய்வுகள் உண்டு. எல்லாமே குறைந்த ஆட்கள், குறுகிய காலம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் ராயல் ஜெல்லி குறித்த நல விளம்பரக் கூற்றுகளை, காரண விளைவு நிறுவப்படவில்லை என்று ஏற்க மறுத்தது. இளமை திரும்பும், குழந்தைப்பேறு நிச்சயம், சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தால், அதையே வாங்காமலிருக்கக் காரணமாக வைத்துக் கொள்ளுங்கள்.

*அளவு.* புதிய கூழ் என்றால் முதல் வாரம் நாளுக்கு 100 மில்லிகிராம், ஒரு பட்டாணியில் பாதி. ஒத்துக் கொண்டால் 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை. காலையில் நாக்கடியில் வைத்துக் கரையவிடுவது வழக்கம். வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம், பி.எச். 4-ஐ ஒட்டிய புளிப்பு அது. இரண்டு மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்துங்கள்.

லேபிள் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உறையவைத்து உலர்த்திய பொடி ஏறக்குறைய மூன்று மடங்கு செறிவு. '1000 மில்லிகிராம்' என்று பெரிய எழுத்தில் போட்ட கேப்சூலில் உண்மையில் 333 மில்லிகிராம் பொடி இருந்து, 'புதிய கூழுக்குச் சமமாக' என்பது சிறிய எழுத்தில் இருக்கலாம். அதில் தவறில்லை, இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஒரே கணக்கில் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

தேனில் கலந்து விற்பது இன்னும் மோசமான கணக்கு. 2 சதவீதக் கலவை என்றால் ஒரு டீஸ்பூனில், அதாவது 7 கிராமில், 140 மில்லிகிராம் கூழ்தான் இருக்கும். 500 மில்லிகிராம் கிடைக்க 25 கிராம் தேன் சாப்பிட வேண்டும். அதோடு 20 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும்.

வீட்டில் கலப்பதானால் 250 கிராம் தேனுக்கு 5 கிராம் கூழ். உறைந்து வெண்ணெய்போல் ஆன தேனே நல்லது. நீர்த்த தேனில் கூழ் மேலே மிதந்து பிரியும். கூழில் உள்ள தண்ணீர் தேனின் ஈரத்தை ஏறக்குறைய ஒரு சதவீதம் ஏற்றும். ஏற்கெனவே இளகிய தேனாக இருந்தால் ஒரு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். கலவையை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

*பாதுகாப்பு.* தனிக் கூழை இருட்டு நிறக் கண்ணாடிப் புட்டியில், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம், ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு ஆண்டு வரை வைக்கலாம். 10 கிராம் புட்டிகளாகப் பிரித்து உறையவையுங்கள். முழுப் புட்டியையும் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் சீக்கிரம் கெடும். வெயில் காலத்தில் கூரியரில் இரண்டு நாள் சாதாரண அட்டைப்பெட்டியில் வந்த புதிய கூழுக்குக் கொடுத்த காசு வீண். குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் உலர்பொடியே வாங்குங்கள்.

தேன்: மலிவானது, உறுதியானது

இருமலுக்குத் தேன் என்பது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. சளிக்காய்ச்சலுடன் வரும் இருமலுக்கு முதலில் தேனைக் கொடுத்துப் பார்க்கும்படி பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2018-இல் சொன்னது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு அரை டீஸ்பூன், ஆறு முதல் பதினொன்றுக்கு ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் இரண்டு டீஸ்பூன். படுக்கப் போகுமுன், தண்ணீர் கலக்காமல், மெதுவாகத் தொண்டையை நனைக்கும்படி. பிறகு பல் துலக்க வேண்டும். மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், மூச்சிரைப்பு என்றால் தேன் வேலை முடிந்தது, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை முளைக்காது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளரவைக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறல், மெலிந்த அழுகை, தலை நிற்காமல் துவளுதல் என்று தொடங்கி மூச்சு வரை போகும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பெரியவர்கள் மனம் கோணாமலிருக்க வேண்டுமென்றால், சடங்கைத் தாய்ப்பாலால் செய்யச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிக்குத் தேன் 'இயற்கை' என்பதால் சலுகை கிடையாது. ஒரு மேஜைக்கரண்டியில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கும் அடிப்படையில்லை; காலைக் காபியின் சர்க்கரைக்குப் பதிலாக அது வந்தால் கணக்கு சமம், கூடுதலாக வந்தால் எடை கூடும்.

தீக்காயத்துக்குத் தேன் நல்லது என்பது உண்மை. மேலோட்டமான தீக்காயம் தேன் கட்டில் சற்று விரைவாக ஆறுகிறது. ஆனால் ஆய்வுகள் சொல்வது கிருமி நீக்கிய மருத்துவத் தேனை. சமையலறைத் தேனைத் திறந்த காயத்தில் ஊற்ற வேண்டாம். சுட்டவுடன் செய்ய வேண்டியது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவது. நீரிழிவுக் கால் புண்ணுக்கு வீட்டில் எந்தத் தேனும் வேண்டாம்.

வாங்கும்போது நல்ல தேனுக்கு அடையாளமாகச் சிலவற்றைச் சொல்வார்கள்: தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கும், தாளில் ஊறாது, தீக்குச்சியில் தொட்டால் எரியும், எறும்பு வராது, நாய் நக்காது. இந்தச் சோதனைகள் எதுவும் பயன்படாது. இவற்றால் தெரிவது தேனின் கெட்டிதான். அரிசிப் பாகும் கெட்டியாக இருந்தால் எல்லாவற்றிலும் தேறிவிடும். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 பிராண்டுகளைப் பரிசோதித்தபோது பல தேன்கள் வழக்கமான ஆய்வகச் சோதனைகளில் தேறி, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) என்ற நுட்பமான சோதனையில் தோற்றன. ஆய்வகத்துக்கே அப்படியென்றால் தீக்குச்சி என்ன சொல்லும்? பெட்டி வைத்திருப்பவரை அறிந்து வாங்குவதே பாதி காப்பு.

தேன் உறைந்தால் கலப்படம் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். ரப்பர் தோட்டத் தேன் சீக்கிரமே உறையும். கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் இளகும். அடுப்பில் நேராகக் காய்ச்சினால் மணம் போகும், சூடுபட்டதைக் காட்டும் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். இந்திய உணவுத் தரத்தில் அதற்கு உச்சவரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். ஈரத்துக்கு வரம்பு 20 சதவீதம். அடுக்குத் தேனீத் தேனில், தேனீக்கள் அடையின் முக்கால் பங்கை மெழுகால் மூடுமுன் அவசரப்பட்டு எடுத்தால், இதைத் தாண்டும். மூடி உப்பி, திறந்தால் 'புஸ்' என்று கேட்டு, கள் வாடை வந்தால் நடந்தது அதுதான்.

மகரந்தம்

பெட்டி வாசலில் துளைத் தகடு வைத்து, உள்ளே நுழையும் தேனீயின் காலிலிருந்து உதிரும் உருண்டைகளைச் சேர்ப்பது. இத்தாலியத் தேனீக்கு 5 மில்லிமீட்டர் அளவுத் துளை. அடுக்குத் தேனீக்கு இதைவிடச் சிறியது வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தகடு இருந்தால் புழுக்கள் பட்டினி கிடக்கும். மாலையிலேயே தட்டை எடுக்க வேண்டும். புதிய மகரந்தத்தில் ஈரம் கால் பங்கு வரை இருப்பதால் ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும். 40 டிகிரியில், வெயில் படாமல் உலர்த்தி, இரண்டு உருண்டைகளை விரலில் அழுத்தினால் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் ஃப்ரீஸரில் வைத்தால் பூச்சி முட்டைகளும் போகும்.

புரதம் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் நாளுக்குச் சாப்பிடுவது ஒரு டீஸ்பூன்தான். அதில் கிடைப்பது ஒரு கிராம் புரதம். ஒரு கைப்பிடி சுண்டல் இதைச் சுலபமாக முந்தும். சுவைக்காகவும் நிறத்துக்காகவும் சாப்பிடலாம், தவறில்லை. இரண்டு மூன்று உருண்டையில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஒரு டீஸ்பூனுக்கு வாருங்கள். மகரந்தத் துகளின் வெளி ஓடு கடினமானது. இரவே தயிரிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் செரிக்க எளிது.

புரோபோலிஸ் என்ற பிசின்

மரப் பிசினும் மெழுகும் குழைத்துத் தேனீக்கள் விரிசல் அடைக்கும் சரக்கு. அடுக்குத் தேனீ இதைச் சேர்ப்பதே இல்லை என்று சொல்லலாம். 'நாட்டுத் தேனீ புரோபோலிஸ்' என்று யாராவது விற்றால், கொசுத் தேனீயினுடையதா என்று கேளுங்கள். அதற்குத்தான் பிசின் வேலை அதிகம்.

வாய்ப்புண்ணிலும் ஈறு வீக்கத்திலும் ஓரளவு பயன் தெரிகிறது. சாறு எடுக்கும் முறை: பிசினை ஃப்ரீஸரில் வைத்து நொறுக்கி, ஒரு பங்குக்கு 70 சதவீத எத்தனால் நான்கு பங்கு ஊற்றி, இருட்டில் இரண்டு வாரம் வைத்துத் தினமும் குலுக்கி, காபி வடிதாளில் வடிப்பது. வீட்டில் இதற்குச் சானிடைசரையோ கடையில் விற்கும் ஸ்பிரிட்டையோ எடுக்கக் கூடாது. அவற்றில் மெத்தனால் இருக்கலாம். உணவுத் தர ஆல்கஹால் கிடைக்காதவர்கள் தயாரித்ததையே வாங்குவது மேல். அரை டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். உதட்டைச் சுற்றி அரிப்பும் கொப்பளமும் வந்தால் அது தொடு ஒவ்வாமை. பிசினில் இது சகஜம், 'நஞ்சு வெளியேறுகிறது' என்ற விளக்கத்தை நம்பித் தொடராதீர்கள்.

மெழுகு: பித்தவெடிப்புக் களிம்பு

இருப்பதில் எளிதானதும் ஏமாற்றம் தராததும் இதுதான். தேவை: தேன்மெழுகு 25 கிராம், நல்லெண்ணெய் 60 கிராம், தேங்காயெண்ணெய் 40 கிராம். சித்திரை வெயிலில் இது இளகிப் போகும். அப்போது மெழுகை 33 கிராமாக்குங்கள்.

அடை மெழுகிலிருந்து தொடங்குவதானால் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். தேன் எடுத்தபின் மிஞ்சும் வெள்ளை மூடியே சிறந்தது. கறுத்த புழு அடையில் மெழுகு குறைவு. துணியில் முடிந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ ஊற்றிச் சூடாக்கவும். போர்த்தண்ணீரின் உப்பு மெழுகோடு சேர்ந்து சோப்புபோல் குழம்பாக்கிவிடும், இரும்புப் பாத்திரம் கறுக்கவைக்கும். முடிச்சைக் குச்சியால் அழுத்தி, மூடிவைத்து, இரவு முழுக்க மெதுவாக ஆறவிட்டால் மெழுகு மேலே தகடாக நிற்கும். அடிப்பக்க அழுக்கைச் சுரண்டிவிடுங்கள்.

களிம்புக்கு மெழுகைத் துருவி, ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். நேரடித் தீயில் வைத்தால் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். முழுதும் உருகியதும் இறக்கி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். கெட்டியானால் எண்ணெய், இளகினால் மெழுகு கொஞ்சம் சேர்க்கலாம். உலர்ந்த டப்பாவில் ஊற்றி, ஆறியபின் மூடுங்கள். சூட்டிலேயே மூடினால் ஆவி நீராகி உள்ளே விழும். அந்த நீரில்தான் பூஞ்சை வரும்.

இரவில் காலைப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தேய்கல்லால் லேசாகத் தேய்த்து, ஈரம் முழுதும் போகுமுன் தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுக் கொள்ளுங்கள். மெழுகு ஈரத்தை அடைத்து வைக்கிறது, அதுதான் அதன் வேலை. காய்ந்த காலில் பூசினால் அடைத்து வைக்க ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் தோல் மிருதுவாகும். இரத்தம் கசியும் ஆழ வெடிப்பு, சர்க்கரை நோயில் மரத்த கால் இரண்டுக்கும் இது போதாது.

கடை மெழுகில் பாரஃபின் கலப்பு அதிகம். நல்ல மெழுகை உள்ளங்கையில் சிறிது நேரம் பிசைந்தால் தேன் மணம் வந்து குழையும். மணமே இல்லாமல் வழுவழுவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

தேனீ நஞ்சு

மூட்டுவலிக்கு வேண்டுமென்றே கொட்டவைக்கும் சிகிச்சையை வீட்டிலோ, அவசர மருந்து இல்லாத இடத்திலோ செய்யக் கூடாது. பலமுறை தாங்கியவருக்கும் அடுத்த கொட்டில் அதிர்ச்சி ஒவ்வாமை வரலாம். ஸ்பெயினில் தேனீக் கொட்டுச் சிகிச்சையில் ஒரு பெண் இறந்தது 2018-இல் மருத்துவ இதழில் பதிவானது.

தற்செயலாகக் கொட்டிவிட்டால் நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்காமல் எதனாலாவது உடனே கொடுக்கை எடுங்கள். நஞ்சுப் பை அரை நிமிடத்துக்குள் பெரும்பாலானதை உள்ளே செலுத்திவிடும். ஐஸ் ஒத்தடம் போதும், சுண்ணாம்பு வேண்டாம். கொட்டிய இடத்துக்கு அப்பால் தடிப்பு, முக வீக்கம், குரல் மாற்றம், வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் 108-ஐ அழைத்து, மூச்சு வாங்கினால் சாய்த்து உட்காரவைத்து, இல்லையென்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. மாத்திரைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டு நன்றாகத் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்பதால், மருத்துவமனையில் இருக்கச் சொன்னால் அந்த நேரம் முழுதும் இருந்துவிட்டே கிளம்புங்கள்.